தலையை எண்ணாதீர்கள், குழாயை எண்ணுங்கள்!

பட்டிமன்றத் தலைப்பு: பெருநகரில் வாழ்க்கைத் தரம் தாழக் காரணம், பெருகி வரும் மக்கள் கூட்டமா? பின்தங்கி வரும் திட்டங்களா?

(இரண்டாம் அணி: மூன்றாவது பேச்சு)

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, ஊரிலே நிற்க இடமில்லை என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, ஆளுக்கொரு நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே (சிரிப்பு), அரங்கத்தில் இருப்பவர்களே, வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும் தாய்மார்களே!

எதிரணித் தலைவர் பேராசிரியர் ஐயா ஒரு கணக்குச் சொன்னார். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேலே இருக்கிறார்கள் என்று. கணக்கு சரிதான் ஐயா, நான் மறுக்கவில்லை. அடுத்து வந்த தம்பி, மின்சார ரயில்ல காலை எட்டரை மணிக்கு ஏறினா, அரிக்கிறது நம்ம முதுகு, சொறியறது அடுத்தவன் முதுகுன்னு சொன்னார். (சிரிப்பு) அதுவும் உண்மைதான். நானும் அந்த ரயில்ல போறவதான்.

ஆனா ரெண்டு பேரும் அதுக்கப்புறம் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தாங்க. "இத்தனை பேர் வந்தா ஊர் என்ன செய்யும்?" அப்படீன்னு.

நடுவர் அவர்களே, போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எனக்குக் கிடைச்சது மூணாவது பந்தி. சாம்பார் வாளி என் இலைக்கு வர்றதுக்குள்ளே ரசமாயிடுச்சு. ரசம் வர்றதுக்குள்ளே வெந்நீராயிடுச்சு. (சிரிப்பு) பாயசம் வந்ததா சொன்னாங்க, நான் பார்க்கலை. (சிரிப்பு) சரி, குறைதான். அதுக்காகப் பெண்ணைப் பெத்தவர் மண்டபத்து வாசல்ல நின்னுக்கிட்டு, "உங்களையெல்லாம் யாரு இத்தனை பேர் வரச் சொன்னது?"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? பத்திரிகை அடிச்சவர் அவர். மஞ்சள் தடவினவர் அவர். குடும்பத்தோட வந்திடணும்னு வீடு வீடாச் சொன்னவர் அவர். அரிசியை மட்டும் அளந்து போட்டது யார் தப்பு?

(நடுவர்: பத்திரிகை வைக்காமலே வந்தவங்க நாலு பேர் இருப்பாங்களே அம்மா!)

இருப்பாங்க ஐயா. ஆனா இந்த ஊருக்கு அப்படி வந்தவங்க யாரு? தொழிற்சாலை கட்டினோம், ஆள் வேணும்னோம். பழைய மாமல்லபுரம் சாலையில கண்ணாடிக் கட்டடமா எழுப்பினோம், படிச்ச பிள்ளைங்க வாங்கன்னோம். மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டினோம், அதுக்கு ஆயிரம் மைல் தாண்டி ஆள் வந்தாங்க. கூப்பிட்டோம், வந்தாங்க. எதிரணி அக்கா, "வெளியூர்க்காரங்க வந்துதான் சென்னை கெட்டுது"ன்னு சொன்னீங்களே, தப்பா நினைக்காதீங்க, உங்க சொந்த ஊரு எது?

(எதிரணியிலிருந்து: விருதுநகர்!) (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் ஐயாவை நான் கேட்கவே இல்லை. (நடுவர்: தஞ்சாவூர்ப் பக்கம், விடுங்க!) (சிரிப்பு)

இனி நானும் கொஞ்சம் கணக்குப் பேசறேன். மக்கள் பெருக்கம்னு சொன்ன உடனே, வீட்டுக்கு வீடு பிள்ளை பெத்துத் தள்ளறோம்னு ஒரு நினைப்பு இருக்கு. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு என்ன சொல்லுது? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியா 1.8 குழந்தை. ரெண்டுகூட இல்லை. அந்தப் புள்ளி எட்டுல கை எது, கால் எதுன்னு என்னைக் கேட்காதீங்க. (சிரிப்பு) ஆணும் பெண்ணுமா ரெண்டு பேர் போனா, அந்த இடத்தை நிரப்ப ரெண்டு பேர்கூட வர்றதில்லை. சிங்கப்பூரைப் பார்னு பேராசிரியர் சொன்னாரே, அங்கேயும் எழுபதுகளில் 'ரெண்டு போதும்'னு பிரசாரம் பண்ணினாங்க. 1987-ல் அதே அரசாங்கம், 'வசதி இருந்தா மூணு, அதுக்கு மேலேயும் பெத்துக்குங்க'ன்னு கேட்டுது. தலையைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும்னு நினைச்ச ஊர், பதினைஞ்சு இருபது வருஷத்துல தலை வேணும்னு தேடிச்சு.

இன்னொரு கணக்கு. 2001-லிருந்து 2011 வரை சென்னை மாவட்டத்தில் கூடினது மூணு லட்சம் பேர். நூத்துக்கு ஏழு. அதே பத்து வருஷத்துல பக்கத்து காஞ்சிபுரம் மாவட்டத்துல கூடினது பதினோரு லட்சம். நூத்துக்கு முப்பத்தொன்பது! இதுக்கு என்ன அர்த்தம்? ஊருக்குள்ளே வாடகை கொடுக்க முடியாதவன், வீடு வாங்க முடியாதவன் வெளியே வெளியே போய்க்கிட்டே இருக்கான். வேலை மட்டும் உள்ளே இருக்கு. அதனால காலையில அவன் உள்ளே வர்றான், ராத்திரி வெளியே போறான். தம்பி, உங்க முதுகைச் சொறிஞ்சவர் அவர்தான். (சிரிப்பு) அவர் போன இடத்துக்கு ரயில் போச்சா? வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்ட 2008-ல் வேலை ஆரம்பிச்சாங்க. அஞ்சு கிலோமீட்டர். நடந்து போனா ஒரு மணி நேரம். 2020 பிறந்தப்பவும் அந்த ரயில் போய்ச் சேரலை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா, ரயிலை விடாம பயணியைக் குத்தம் சொன்னா என்ன நியாயம்?

நடுவர் அவர்களே, இப்ப என் வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன். இது சிரிக்கிறதுக்கு இல்லை.

2019. அந்தக் கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வறண்டு வெடிச்சுக் கிடந்த வருஷம். நாங்க மேற்கு மாம்பலத்துல வாடகைக்கு இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைகள். அடிபம்புல காத்துதான் வரும். லாரி வந்தா தெருவே ஓடும். குடத்துக்குப் பெயிண்ட்டில பேர் எழுதி வெச்சிருப்போம், மாறிடக் கூடாதுன்னு. கீழே ஹவுஸ் ஓனர் அம்மா. நல்லவங்க. அவங்களும் காசு கொடுத்துத்தான் தண்ணி வாங்கி சம்ப்புல ஊத்தினாங்க. நாலு குடும்பத்துக்கும் ஆளுக்கு இத்தனை குடம்னு கணக்கு.

அந்த ஜூன் மாசம் எங்க அம்மா ஊர்லேருந்து வந்தாங்க. அப்பா தவறி ரெண்டு மாசம்தான் ஆயிருந்தது. தனியா இருக்க வேண்டாம்மா, வந்து என்கூடவே இருன்னு நான்தான் கூப்பிட்டேன். வந்த நாலாம் நாள், ஹவுஸ் ஓனர் அம்மா மாடிப்படிகிட்ட நின்னு, மெதுவாத்தான் கேட்டாங்க. "நாலு பேர்னு சொல்லித்தானே வீடு கேட்டீங்க? இப்ப அஞ்சு ஆயிடுச்சே. எத்தனை நாள் இருப்பாங்க?"

எங்க அம்மா உள்ளே கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. காதுல விழுந்திருக்கு. ஒண்ணும் சொல்லலை. மறுநாள்லேருந்து அரை வாளியில குளிச்சாங்க. அதுக்கப்புறம் ஈரத் துண்டால துடைச்சுக்கிட்டாங்க. காபி டம்ளரைக்கூடக் கழுவாம எடுத்து வெச்சு, சாயங்காலம் அதிலேயே குடிச்சாங்க. காடு கழனின்னு கிணத்துத் தண்ணியிலே புழங்கின கை அது. பத்தொன்பதாம் நாள், "நான் ஊருக்குப் போறேன், மாடு கன்னு என்னாச்சோ"ன்னாங்க. எங்க வீட்டுல மாடு வித்து ஆறு வருஷம் ஆச்சு.

நான் என்ன சொல்லியிருக்கணும்? 'போகாதே'ன்னு சொல்லியிருக்கணும். சொன்னேன். ஆனா சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஆச்சு ஐயா. அந்த ஒரு நிமிஷத்துல நானும் குடத்தைத்தான் எண்ணினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாங்க. பஸ் ஏறிட்டாங்க.

(அரங்கம் அமைதி)

எதிரணி நண்பர்களே, 'கூட்டம் அதிகம், கூட்டம் அதிகம்'னு சொல்றீங்களே, அந்த 'அதிகம்' யாருன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. அதிகம்னு சொல்ற யாரும் தன்னைச் சேர்த்துச் சொல்றதில்லை. கடைசியா வந்தவரைச் சொல்றோம். வயசானவரைச் சொல்றோம். வாடகைக்கு இருக்கிறவரைச் சொல்றோம். கூவம் கரையில குடிசை போட்டவரைச் சொல்றோம்.

கூவம் கரையிலும் மற்ற நீர்நிலைக் கரைகளிலும் இருந்தவங்களை 2000-த்திலேருந்து கொண்டுபோய்க் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் வெச்சோம். ஊருக்குள்ளே கூட்டம் குறைஞ்சுதாம். கட்டடம் கிடைச்சது, மறுக்கலை. வேலை? எங்க தெருவுல நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்ச்ச அம்மா ஒருத்தங்க அப்படிப் போனாங்க. முன்னே நடந்து வந்தவங்க, ரெண்டு பஸ் மாறி வந்தாங்க. விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். நாலு வீடு ரெண்டு வீடாச்சு, ரெண்டு வீடு ஒண்ணாச்சு, அப்புறம் வரலை. 'வாழ்க்கைத் தரம்'னு எதிரணி சொன்ன சொல்லுக்குள்ளே அந்த அம்மா வர்றாங்களா, இல்லையா? நடுவர் அவர்கள் தீர்ப்புல சொல்லணும். (கைதட்டல்)

சரி, மாம்பலத்துக்கு வர்றேன். எங்க வீடு இருந்த தெருவுக்குப் பக்கத்துத் தெரு பேர் என்ன தெரியுமா? லேக் வியூ ரோடு! ஏரி தெரியற சாலை! (சிரிப்பு) நானும் எட்டு வருஷம் தேடினேன். எதிர் வீட்டு மாடியில காயற துணிதான் தெரிஞ்சுது. (சிரிப்பு) அங்கே நிஜமாவே ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்துலேருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீண்டு கிடந்த ஏரி. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் வந்தது. அதன் தொடர்ச்சியா நுங்கம்பாக்கத்துல கிடந்த ஏரியும் போச்சு. இன்னிக்கு வள்ளுவர் கோட்டம் நிக்கிறது அந்த ஏரியில.

ஜனம் பெருகினதாலதானே ஏரியைத் தூர்த்தாங்கன்னு பேராசிரியர் கேட்பார். நல்லாக் கேட்டுக்கோங்க. 1921-ல் சென்னையின் மக்கள் தொகை ஐந்தேகால் லட்சம்! வெறும் ஐந்தேகால் லட்சம் பேர் இருக்கும்போதே ஏரியை மூடின ஊர் இது. அப்ப தப்பு தலைக் கணக்குலயா? ஏரியைத் தண்ணின்னு பார்க்காம மனைன்னு பார்த்த கண்ணுலயா? (பலத்த கைதட்டல்)

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு காலத்துல ஐம்பது சதுர கிலோமீட்டருக்கு மேலே பரந்து கிடந்தது. மழைத் தண்ணியைப் பஞ்சு மாதிரி வாங்கிக்கிட்ட நிலம். அதுல குப்பை கொட்டினோம். ரோடு போட்டோம். கட்டடம் கட்டினோம். பத்துல ஒரு பங்கு மிஞ்சினப்புறம், 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம்னு ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது. ஆஸ்பத்திரியில சேர்த்த பிறகு ஆளைப் பத்திப் பெருமை பேசற மாதிரி. (சிரிப்பு)

அதனாலதான் 2015 டிசம்பர்ல முதல் மாடி வரைக்கும் தண்ணி. 2019 ஜூன்ல குடிக்கத் தண்ணி இல்லை. நடுவுல எத்தனை வருஷம்? மூணரை வருஷம். அதே ஊர், அதே ஜனம். கூட்டம்தான் காரணம்னா, வெள்ளத்தையும் கூட்டம்தான் கொண்டு வந்துதா, வறட்சியையும் கூட்டம்தான் கொண்டு வந்துதா? வந்த தண்ணியை வெச்சுக்க இடமில்லை, அதான் காரணம். கடைசியில 2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி வந்தது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்றோம். நான்கூடக் கும்பிட்டேன். (சிரிப்பு) ஏரியை மூடின இடத்துல நின்னுக்கிட்டு, ரயில்ல வர்ற தண்ணியைக் கும்பிட்டேன்.

(நடுவர்: அம்மா, ஒரு கேள்வி. அப்படின்னா எத்தனை பேர் வந்தாலும் ஒரு ஊர் தாங்குமா? எல்லையே கிடையாதா?)

நல்ல கேள்வி ஐயா. எல்லை உண்டு. எங்க அணி அதை மறுக்கலை. ஒரு தராசை நினைச்சுக்கோங்க. ஒரு தட்டுல ஜனம். இன்னொரு தட்டுல தண்ணி, வீடு, ரயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. ஜனத் தட்டு தாழ்ந்து போச்சு. எதிரணி என்ன சொல்றாங்க? ஜனத்தை இறக்குங்கறாங்க. நாங்க சொல்றோம், அடுத்த தட்டுல எடைக்கல்லை வைங்க. வெச்ச ஊர் இருக்கான்னா, இருக்கு.

1994 செப்டம்பர்ல சூரத் நகரத்துல பிளேக் வந்தது. வெள்ளம், அள்ளாத குப்பை, நெரிசல். லட்சக்கணக்குல ஜனம் ஊரை விட்டு ஓடினாங்க. ஓடினதால ஊர் சுத்தமாச்சா? இல்லை. 1995-ல் எஸ்.ஆர்.ராவ்னு ஒரு ஆணையர் வந்தார். காலையில அதிகாரிகள் ஆபீசுக்குப் போகக் கூடாது, தெருவுக்குப் போகணும்னார். ராத்திரியிலும் தெருக் கூட்ட வெச்சார். அசுத்தமா இருந்த ஓட்டலுக்கு அபராதம். குடிசைப் பகுதிக்குக் கழிப்பறை. ரெண்டே வருஷத்துல நாட்டின் தூய்மையான நகரங்கள்ல ஒண்ணுன்னு பேர் வாங்கிச்சு. ஜனம் குறைஞ்சுதா? 1991-ல் பதினைஞ்சு லட்சமா இருந்த ஊர், எல்லையும் விரிஞ்சு, 2011-ல் நாப்பத்தி நாலு லட்சத்தைத் தாண்டிச்சு. 2023-க்கான தூய்மைக் கணக்கெடுப்புல இந்தூரோட சேர்ந்து முதலிடம். ஜனம் மூணு மடங்காச்சு, ஊரு சுத்தமாச்சு. பேராசிரியர் ஐயா, இதுக்கு உங்க அணி என்ன பதில் வெச்சிருக்கு? (கைதட்டல்)

நம்ம ஊர்லயும் கல்லு வைக்கத் தெரியாதுன்னு இல்லை. 2003-ல் தமிழ்நாடு பூரா மழைநீர்த் தொட்டியைக் கட்டாயமாக்கினாங்க. இணைப்பைத் துண்டிச்சிடுவாங்கன்னு பயந்தாவது எல்லாரும் போட்டோம். 2019-லயே கோயம்பேட்டுலயும் கொடுங்கையூர்லயும் கழிவுநீரைச் சுத்தம் பண்ணி, நாளுக்கு ஒவ்வொண்ணிலும் நாலரைக் கோடி லிட்டர், தொழிற்சாலைக்குக் கொடுக்க ஆலை வந்தது. தொழிற்சாலை அந்தத் தண்ணியை எடுத்துக்கிட்டா, குடிக்கிற தண்ணி அவ்வளவும் மிச்சம். இது மாதிரி இன்னும் வேணும். ஆயிரம் வீட்டுக்கு அனுமதி கொடுக்கறதுக்கு முன்னாடி, அந்த ஆயிரம் வீட்டுக்குக் குழாய் எங்கே, பஸ் எங்கேன்னு கேட்கணும். வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துல ஏழையும் குடியிருக்க வீடு வேணும். திருநெல்வேலியில, திருச்சியில, கடலூர்ல நல்ல வேலை கொடுங்க. எந்தப் பிள்ளையும் அரை வாளித் தண்ணிக்கு வரிசையில நிக்கணும்னு ஆசைப்பட்டுச் சென்னைக்கு வரலை. நடுவர் கேட்ட எல்லை அதுதான். ஆளை வராதேன்னு சொல்லி எல்லை போட முடியாது. அவன் ஊர்லயே வாழ வழி பண்ணி எல்லை போடலாம்.

ஒரே ஒரு பங்கு நம்மேலயும் இருக்கு. எங்க அம்மா கிளம்பின அன்னிக்கு, வாசல்ல ஒரு சிமெண்ட் மூடியைக் காட்டி, "இது என்னடி?"ன்னாங்க. மழைநீர்த் தொட்டிம்மான்னேன். திறந்து பார்த்தாங்க. உடைஞ்ச பூந்தொட்டி, செங்கல், பால் கவர், என் பையனோட பழைய செருப்பு. "கிணத்தை மூடி வெச்சுட்டு என்னைக் கேட்டீங்களா, எத்தனை நாள் இருப்பேன்னு?" அப்படீன்னாங்க. கோபமாச் சொல்லலை, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அந்தச் செருப்பு எங்க வீட்டுச் செருப்பு ஐயா. அதனால ஹவுஸ் ஓனர் அம்மாவை மட்டும் நான் எப்படிக் குத்தம் சொல்வேன்?

அடுத்த வாரம் நாங்க நாலு குடும்பமும், ஹவுஸ் ஓனர் அம்மாவும் சேர்ந்து அந்தத் தொட்டியை அள்ளினோம். மணலும் ஜல்லியும் புதுசாப் போட்டோம். அந்த ஐப்பசி மழைத் தண்ணி உள்ளே இறங்கற சத்தத்தை வாசப்படியில உட்கார்ந்து கேட்டோம். அதுனால ஊர்ப் பஞ்சம் தீர்ந்துடுச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அடுத்த கோடையில எங்க பம்புல தண்ணி வந்தது. அவ்வளவுதான்.

ஹவுஸ் ஓனர் அம்மாவே சொன்னாங்க, "அம்மாவை வரச் சொல்லுங்க, எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும்"னு. நான் போன் பண்ணிச் சொன்னேன். அதுக்குள்ளே 2020 ஊரடங்கு. அப்புறம் முட்டி வலி. அவங்க திரும்பி வந்து தங்கவே இல்லை. இன்னிக்கும் நான் போன் பண்ணினா முதல் கேள்வி, "அங்கே தண்ணி இருக்கா?"தான். இருக்கும்மான்னு சொல்றேன். "யாருக்கும் குறையலையே?"ன்னு கேட்கறாங்க.

நடுவர் அவர்களே, ஒரு தாய் தன் மகள் வீட்டுல ஒரு குடம் தண்ணிக்கு அதிகப்படியா ஆயிட்டாங்கன்னா, தப்பு அந்தத் தாய் வந்ததுல இல்லை. அந்தக் குடம் நிரம்பாததுல இருக்கு. எண்ணறதுன்னா குழாயை எண்ணுங்க, ரயிலை எண்ணுங்க, மூடின ஏரியை எண்ணுங்க. தலையை எண்ணி 'நீ அதிகம்'னு யாரையும் சொல்லாதீங்க. அப்படி ஒரு நல்ல தீர்ப்பை எங்க அணிக்குத் தரணும்னு கேட்டு விடை பெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)